அண்ணன் வாங்கிக்கொண்ட காப்பு

அண்ணன் தீ மிதித்த அன்று அம்மா இருந்தாள். நைனா இருந்தார். பிள்ளைக்குப் புகை ஆகாது என்று இடுப்பில் பிள்ளையோடு கொஞ்சம் தள்ளி அண்ணி நின்றிருந்தாள். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து அம்மாவின் தம்பி, என் மாமா, குடும்பத்தோடு வந்திருந்தார். எங்கள் குப்பத்தில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் எல்லையம்மன் கோயிலுக்கு முன்னால் இருந்தார்கள். இல்லாதவன் நான் ஒருவன்தான். அன்றைக்குத் தீ மிதித்திருக்க வேண்டியவனும் நான்தான்.

அந்த நேரத்தில் நான் சென்னையில், ஏசி குளிரில், ஒரு நீள மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

இது ஏன் இப்படி ஆனது என்று சொல்வதற்குக் கல்லூரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். தாண்டியவன் என்ன, எட்டியவனே நான்தான். அண்ணன் மூன்றாவது வரைக்கும் போனான். பிறகு நைனாவோடு படகில் ஏறிவிட்டான். நான் பொன்னேரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். "அத படிச்சா இன்னா வேலை?" என்று குப்பத்தில் கேட்காதவர்கள் இல்லை. எனக்கும் பதில் தெரியாது. வேறு எதிலும் இடம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை.

இரண்டாம் வருஷம் ஒரு நாள் எங்களை எல்லாம் உட்காரவைத்து பயோடேட்டா எழுதப் பழக்கினார்கள். பெயர், படிப்பு, மதிப்பெண் எல்லாம் எழுதிவிட்டேன். பாடத்துக்கு வெளியே என்னென்ன செய்தாய் என்று கேட்ட இடத்தில் பேனா நின்றுவிட்டது. பொன்னேரிப் பையன்களுக்கு அங்கே எழுத நிறைய இருந்தது. வினாடி வினா, கபடி, ரத்ததான முகாம், லீவில் ஆடிட்டர் ஆபீசில் பழகியது. மதியம் வகுப்பு முடிந்த பிறகும் அவர்கள் கல்லூரியிலேயே இருப்பார்கள். நான் பழவேற்காடு பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு ஏரியில் இறங்குவேன்.

பக்கத்தில் என் நண்பன். பழவேற்காடு ஊருக்குள் அவர்களுடையது தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். அவன் என் தாளை எட்டிப் பார்த்தான்.

"நீச்சல்னு போடு மச்சான்."

"நீச்சல் எங்க குப்பத்துல நாய்க்குக்கூடத் தெரியும்டா."

"நாய் பி.ஏ. படிக்கலயே. போடு."

போட்டேன். பேராசிரியர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு வருஷம் இருக்கு. ஏதாவது ஒண்ணுல சேருங்க. இந்த இடம் காலியா இருந்தா உங்க மார்க்கைப் பாக்கவே மாட்டாங்க," என்றார்.

அதனால் நானும் நண்பனும் கல்லூரியின் மரபு மன்றத்தில் சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது எங்கள் வேலை. அதுவரை எனக்கு அது பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு மதில், அவ்வளவுதான். இப்போது படித்தேன். யார் எப்போது வந்தார்கள், இங்கிருந்து என்ன துணி ஏற்றினார்கள், எந்தக் கல்லின் கீழே யார், வாசல் தூணில் ஏன் எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்தார்கள். முதலில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். நாலைந்து வாரத்தில் பேச வந்துவிட்டது. நான் பேசுவதை வேறு ஊர் ஆட்கள் நின்று கேட்டார்கள். அது எனக்குப் புதிது.

ஒரு ஞாயிறு, ஒரு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் அண்ணன் நிற்பதைப் பார்த்தேன். சட்டை போட்டுத் தலை வாரியிருந்தான். என்னை யாரென்றே தெரியாதவன் மாதிரி கையை உயர்த்தினான்.

"சார், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க," என்றேன். வேறென்ன சொல்வது.

"இந்த எலும்புக்கூடு ஆம்பளையா, பொம்பளையா சார்?"

கூட்டம் சிரித்தது. நான் திணறினேன். வீட்டுக்கு வந்து நைனாவிடம் அவன் சொன்னான்: "எல்லாம் நல்லாத்தான் சொல்றான் நைனா. கேள்வி கேட்டா மட்டும் தொரைக்கு வேர்த்துடுது." அதற்குப் பிறகு என்னைத் துரை என்றுதான் கூப்பிட்டான்.

மாசியில் வந்த ஒரு கூட்டத்தில் ஒரு மேடம் இருந்தார். பழைய கட்டடங்களை அளந்து, படம் எடுத்து, பதிவு செய்கிற ஒரு சென்னை நிறுவனத்தில் வேலை. போகும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டு, "மே, ஜூன்ல ஸ்டூடன்ட்ஸுக்கு எங்ககிட்ட இன்டர்ன்ஷிப் இருக்கு. நாலு பேரைத்தான் எடுப்போம். நீங்க அப்ளை பண்ணுங்க," என்றார்.

அன்று மாலை வலையிலிருந்து நண்டைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே அண்ணனுக்கு விளக்கினேன்.

"ரெண்டு மாசம் வேலை செய்யணும். சம்பளம் கெடையாது. கடைசில சர்டிபிகேட் தருவாங்க. அத வெச்சிக்கினு அடுத்த வேலைக்குப் போவலாம்."

"இந்த நாலு பேருக்கு எத்தினி பேரு வருவாங்க?"

"நூறு பேரு வருவாங்க."

"சம்பளம் இல்லாத வேலைக்கு நூறு பேரா!" அண்ணன் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "செரி. நூறு பேரு வர்றான்னா அதுல இன்னாவோ இருக்குது. நீ போ. பாட்ட நான் பாத்துக்கறேன்."

பாடு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஏரியில் இறால் நிற்கிற இடங்கள் சிலதான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் யார், எந்த நாளில், எங்கே என்று ஊர் கூடி முறை வைக்கும். அதுதான் பாடு. ஒருவனுடைய பாடு அவனுக்கு நிலம் மாதிரி. ஆனால் தன் நாளில் படகேறாதவனுக்கு அந்த நாள் போனது போனதுதான். எங்கள் வீட்டில் நைனாவுக்கு ஒன்று, கல்யாணம் ஆன பிறகு அண்ணனுக்கு ஒன்று.

அம்மாவிடமும் அண்ணனிடம் சொன்னதையேதான் சொன்னேன். அவள் மனதில் ஆபீசும் மெட்ராசும் போய் உட்கார்ந்துகொண்டன. சம்பளம் கிடையாது என்பதை நான் இரண்டு முறை சொல்லியும் அவள் பொருட்படுத்தவில்லை. "மொதல்ல உள்ள போ. அப்பால குடுக்காம எங்க போவான்," என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து, சித்திரைத் திருவிழாவில் நான் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டுவிட்டதாகச் சொன்னாள்.

நைனா கேட்டார்: "கெடைச்சப்புறம்தானே மிதிக்கணும்? இன்னும் கெடைக்கவே இல்லியே."

"எல்லாரும் கெடைச்சப்புறம் மிதிக்கிறாங்க. அதான் அவ மெதுவா குடுக்கிறா. இறாலு கம்பெனிக்காரன் இன்னா பண்றான்? முன்னாடியே அட்வான்ஸ் குடுத்துட்றான். அப்பால நாம புடிக்கிறதெல்லாம் அவனுக்குத்தானே? வேற ஆளுக்குக் குடுக்க மனசு வருதா?"

"அம்மனுக்கே அட்வான்ஸா!"

"நீ சும்மா இரு. ஏரில நிக்கிறவனுக்கு இன்னா தெரியும். மீனு வித்து யாவாரம் பண்றவ நானு."

இப்போது இதை எழுதும்போது சிரிக்க வருகிறது. அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. மனதுக்குள் எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. நூறு பேரில் நாலு பேர் என்றால் எல்லாப் பக்கமும் சொல்லிவைக்க வேண்டும்தானே.

தேர்வுகள் முடிந்தன. திருவிழா தொடங்கியது. மஞ்சள் துண்டு கோத்த காப்புக் கயிற்றைப் பூசாரி என் கையில் கட்டினார். காப்பு கட்டியவன் தீமிதி முடிந்து அதை அவிழ்க்கும் வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வருஷம் ஏரியில் எது நடந்தாலும் அது அவன் தலையில்தான் விழும். ஒரு வேளைச் சாப்பாடு, பாய் கிடையாது, செருப்பு கிடையாது.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து போன் வந்தது. நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தேதியைக் கேட்டதும் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். தீமிதி நாள்.

வேறு நாள் தர முடியுமா என்று கேட்டேன். போனில் பேசிய பெண் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்: "எல்லாரும் ஒண்ணா உக்கார்றது அன்னைக்கு ஒரு நாள்தான். வர முடியலன்னா சொல்லிடுங்க, வெயிட்டிங்ல இருக்கிறவங்களைக் கூப்பிடறோம். தப்பா நினைக்காதீங்க."

வீட்டில் சொன்னேன். அம்மா என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் வாயிலேயே அடித்துக்கொண்டு அழுதாள். "நானே கேட்டு நானே கட்டிப் போட்டேனே."

நைனா சொன்னார்: "போவாத. அடுத்த வருசம் பாத்துக்கலாம்." அடுத்த வருஷம் மே மாதம் நான் கல்லூரி மாணவனாகவே இருக்கமாட்டேன், இது மாணவர்களுக்கு மட்டும்தான் என்பதை நான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"காப்ப நான் வாங்கிக்கிறேன்," என்றான் அண்ணன்.

அண்ணி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "ஒங்களுக்கு இன்னா வேண்டுதல்? அம்மா வேண்டிக்கினாங்க, தம்பி மிதிக்கிறாரு. நடுவுல நீங்க எங்க வர்றீங்க?"

"வேண்டுதல் வூட்டுக்குத்தாண்டி. யாரு காலு நடந்தா இன்னா?"

பூசாரியிடம் போனோம். ஒரு வயிற்றில் பிறந்தவனாக இருந்தால் வாங்கலாம், ஆனால் இன்றைக்கே விரதம் பிடிக்க வேண்டும் என்றார். என் கையிலிருந்த கயிற்றை அறுக்காமல், மஞ்சள் தண்ணீர் ஊற்றி நழுவ விட்டு எடுத்து அண்ணன் கையில் கட்டப் பார்த்தார். எட்டவில்லை. இன்னொரு கயிற்றைச் சேர்த்து முடிந்தார்.

"பேனா புடிச்ச கையி," என்றான் அண்ணன் பூசாரியிடம், பெருமையாக. "எளைச்சிக் கெடக்குது."

முதல் நாள் மாலையே நானும் நண்பனும் சென்னைக்குப் போய்விட்டோம். மண்ணடியில் அவன் மாமா வீட்டில் தங்கினோம். ஷூ அவனுடையது, முன்னால் கொஞ்சம் காலியாக இருந்ததால் காகிதம் அடைத்துக்கொண்டேன். மறுநாள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷில் சிரித்துப் பேசுகிற பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். என்னைக் கூப்பிட்டபோது வெயில் தாழ்ந்துவிட்டது.

பழவேற்காட்டுக்கு வந்த மேடமும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். டச்சுக் கல்லறையைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். இங்கிலீஷ் தடுக்கிய இடத்தில் தமிழில் சொல்லச் சொன்னார்கள். பிறகு மேடம் என் மணிக்கட்டைப் பார்த்தார். சோப்புப் போட்டுத் தேய்த்தும் மஞ்சள் போகவில்லை.

"அது என்ன?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. அம்மாவின் அட்வான்ஸிலிருந்து அண்ணன் காப்பு வாங்கியது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பேரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். யார் மாற்றிக் கட்டலாம், எல்லை எங்கே, குழி எவ்வளவு நீளம் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். கட்டடம் மட்டும் மரபு இல்லை, இதுவும்தான் என்று ஒருவர் சொன்னார்.

"இப்ப, இந்த நேரத்துல நடந்துட்டு இருக்கா?" என்று மேடம் கேட்டார்.

"ஆமா மேடம்."

"அய்யோ. நீங்க அங்க இருந்திருக்கணுமே!"

ஆசையாகத்தான் சொன்னார். அப்போதே மற்ற இருவரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பத்து நாளில் வந்து சேரச் சொன்னார். நாலு பேரில் நான் ஒருவன்.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். லைட்ஹவுஸ் குப்பத்து மாமாதான் எடுத்தார். மேளச் சத்தத்தில் கத்தினார்.

"ஒங்கண்ணன் இன்னா நடை நடந்தான் தெரியுமாடா! எல்லாரும் ஓட்றான். இவன் தெருவுல நடக்கிற மாரி நடக்கிறான். நடுக்குழில நின்னுட்டான்டா! நின்னு, அம்மனப் பாத்து ஒரு கும்புடு போட்டுட்டு அப்பால நடக்கிறான். மூஞ்சில ஒரு சுளிப்பு இல்ல. பொம்பளைங்கள்லாம் அழுதுட்டாங்க. அம்மன் ஒங்க வூட்டுக்கு எறங்கிட்டாடா."

மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கியபோது டீக்கடையில் எழுந்து நின்று எனக்கு இடம் கொடுத்தார்கள். அண்ணனுடைய தம்பி என்பதற்காக.

வீட்டில் அண்ணன் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தான். உள்ளங்காலில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அப்பியிருந்தார்கள்.

"இன்னா தொரை? உள்ள வுட்டாங்களா?"

"எடுத்துட்டாங்கண்ணே."

அம்மா கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்பளம் எவ்வளவு என்று கேட்டாள். நான் மூன்றாவது முறையாகச் சொன்னேன். இந்த முறைதான் அது அவள் காதில் விழுந்தது.

நைனா சொன்னார்: "அப்ப நம்ம காசுல பஸ் ஏறிப் போயி, அவனுக்கு வேலை செஞ்சிட்டு, ஒரு காயிதத்த வாங்கினு வரணும். அதுக்கா இது?"

"நைனா," என்றான் அண்ணன். "வலை கட்டக் கத்துக் குடுத்தப்ப நீ எனக்குச் சம்பளமா குடுத்த? ஒத தானே குடுத்த. அவங்க ஒதைக்க மாட்டாங்க, காயிதம் குடுப்பாங்க. வுடு."

நாலைந்து நாளில் எழுந்து நடந்தான். கட்டுப் போட்ட காலோடு ஏரியில்கூட இறங்கினான். வலிக்கவே இல்லை என்றான். நான் மெட்ராஸுக்குத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "தம்பி, அவரு கால்ல வாடை வருது. சொன்னா திட்றாரு. நீங்க பாருங்க."

கட்டைப் பிரித்துப் பார்த்தேன். வலது பெருவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் கறுத்திருந்தன.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் அம்மா இருந்தார். குழியில் நின்று கும்பிட்ட கதையை அண்ணனே பெருமையாகச் சொன்னான். அவர் அவன் கைவிரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிறகு ஒரு பேனா முனையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா? இங்க? இங்க?" என்று கேட்டார்.

"எங்கம்மா தொட்றீங்க?" என்றான் அண்ணன்.

சர்க்கரை ரொம்ப வருஷமாக இருந்திருக்கிறது என்றார் டாக்டர். காலில் உணர்ச்சி போய்விட்டது. சூடு தெரிந்திருந்தால் அவனும் ஓடியிருப்பான். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சர்க்கரை பார்த்துக்கொண்டது கிடையாது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணன் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி." துரை என்று கூப்பிடவில்லை. "இத அம்மாகிட்ட சொல்லாத. ஊர்லயும் சொல்லாத. ஏரில சிப்பி கிழிச்சி சீழ் வெச்சிடுச்சின்னு சொல்லிக்கலாம். அம்மன் எறங்கினான்னே இருக்கட்டும். இல்லன்னா அம்மா தன்னாலதான்னு செத்துப்போவா."

சொல்லவில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால்தான் இதை எழுத முடிகிறது.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். அண்ணி அவனோடு தங்கினாள். எங்கள் பாடு வரும் நாள் வந்தது. நைனா தனியாக வலை கட்ட முடியாது. அண்ணன் இடத்துக்கு வீட்டு ஆள் ஏறினால் ஊர் அந்தக் கொஞ்ச நாள் ஒத்துக்கொள்ளும். ஏற என்னை விட்டால் யாரும் இல்லை. மேடத்துக்குப் போன் போட்டு, வர முடியாது என்றேன். காரணத்தைச் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். பிறகு, "சாரி, ரொம்ப சாரி," என்றார். அவர் குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. என் இடத்துக்கு வேறு பையன் வந்திருப்பான்.

அண்ணனுக்கு மட்டும் அதைக் கடைசியில்தான் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸ் லீவு என்று சொல்லிப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் படுத்துக்கொண்டு தினமும் போனில், "இன்னைக்கு ஆபீஸ்ல இன்னா கத்துக் குடுத்தாங்க?" என்று கேட்பான். படகில் நின்றுகொண்டு நான் ஏதாவது சொல்வேன். கோட்டையை அளந்தோம் என்பேன். "நல்லா அளக்கக் கத்துக்க," என்பான்.

புரட்டாசியில், மழைக்கு முன்னால், ஊர்க் கூட்டம் கூடி அந்த வருஷத்துப் பாடுகளுக்கு ஆள் குறித்தார்கள். படகேற முடியாதவனுக்குப் பாடு கிடையாது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, என் பேரில் எழுத வழக்கம் இல்லை. ஊர்ப் பெரியவர் நல்ல மனிதர்தான். "முடியுமாப்பா?" என்று இரண்டு முறை கேட்டார். அண்ணன் எழுந்து நின்று காட்டினான். நடந்து காட்டினான். எல்லோரும் கரைக்குப் போனோம். படகின் பின்முனையில் நின்று கழி ஊன்றுகிறவனுக்குப் பெருவிரல்தான் பிடி. அண்ணன் ஏறி, கழியை வாங்கி, ஊன்றினான். படகு நகர்ந்தது; அவன் ஏரிக்குள் விழுந்தான். இடுப்பளவு தண்ணீர்தான். யாரும் சிரிக்கவில்லை. நானும் நைனாவும் இறங்கித் தூக்கினோம்.

பெரியவர் அவன் பேரை விட்டுவிட்டு அடுத்த பேரைப் படித்தார்.

நான் ஒரு நாளும் போகாத அந்த இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்கு எங்கள் வீடு கொடுத்த மொத்தம் இது: அண்ணனின் வலது காலில் இரண்டு விரல்கள், ஏரியில் அவனுக்கு இருந்த பாடு.